கிருஷ்ணகிரி துப்பாக்கிக் கடை: பரணில் கிடந்த பழைய மிலிட்டரி துப்பாக்கிக்கு நல்ல கை

பழைய துப்பாக்கியைப் புதுசு மாதிரி பளபளப்பாக்கித் தரும் கடை வேண்டும் என்றால் இந்தக் கடைக்குப் போகாதீர்கள், அந்த வேலையை அவர் செய்யமாட்டார், வற்புறுத்திக் கேட்டால் திட்டும் கிடைக்கும். வீட்டில் கிடப்பது என்ன துப்பாக்கி என்று தெரியவேண்டும், போலீஸ் கேஸ் ஆகாமல் முறைப்படி ஓர் இடத்தில் வைக்கவேண்டும், இதுவரை கெட்டது போக இனியாவது கெடாமல் இருக்கவேண்டும் என்பவர்களுக்குத்தான் பழையபேட்டைப் பக்கம் இருக்கும் இந்தச் சின்னக் கடை. பெயரைப் போடவில்லை. கடைக்கார ஐயாவே வேண்டாம் என்றார், "பேர் போட்டா போன்ல போட்டோ அனுப்பி என்ன விலை போகும்னு கேக்கிறவன்தான் வருவான் தம்பி" என்பது அவர் கணக்கு. உரிமம் பெற்ற ஆயுதக் கடைகள் நம் பக்கம் விரல்விட்டு எண்ணிவிடலாம், ஊருக்குள் கேட்டால் கைகாட்டிவிடுவார்கள்.

எங்கள் சங்கதி இது. தேன்கனிக்கோட்டைக்கு உள்ளே தள்ளி இருக்கும் அம்மா ஊரில் தாத்தா பெயருக்குப் பயிர்ப் பாதுகாப்பு உரிமம் இருந்தது. கேழ்வரகுக் கொல்லைக்குக் காட்டுப்பன்றியும் யானையும் இறங்கும் ஊர், பரணில் ஏறி உட்கார்ந்து வெடி போட்டு விரட்டத்தான் துப்பாக்கி. தாத்தா போனபிறகு உரிமத்தை யாரும் புதுப்பிக்கவில்லை, துப்பாக்கி மட்டும் வீட்டிலேயே தங்கிவிட்டது. ஆளுயரத்தில் கொஞ்சம்தான் குறைவு, தூக்கினால் நான்கு கிலோவுக்கு மேல் இருக்கும். பெரியமாமா அதைத் திப்பு சுல்தான் காலத்தது என்பார். சின்ன மாமா விடமாட்டார், இரண்டாம் உலகப்போருக்குப் போய்வந்த பங்காளி ஒருவர் கொண்டுவந்த ரைபிள் என்று அடித்துச் சொல்வார். ஆயா இரண்டையும் காதில் வாங்காமல் வருஷா வருஷம் ஆயுத பூஜைக்கு அதைக் கீழே இறக்கி, புளி போட்டுப் பித்தளையைத் தேய்த்து, குழல் முழுக்கத் தேங்காய் எண்ணெய் பூசி, சந்தனம் குங்குமம் வைத்து, எலுமிச்சம்பழத்தை அறுத்து மேலேயே வைத்துவிடுவார். இந்தப் பக்தி அந்த இரும்புக்கு என்ன செய்தது என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

முதல் தடவை கடைக்கு வெறும் போட்டோக்களோடுதான் போனேன். இது முக்கியம், ஏனென்றால் ஐயா கேட்ட முதல் கேள்வியே "பொருளை வண்டில தூக்கிட்டு வந்துட்டியா?" என்பதுதான். இல்லை என்றதும்தான் உட்காரச் சொன்னார். உரிமம் காலாவதியான துப்பாக்கியைச் சாக்கில் சுற்றிப் பைக்கில் வைத்துக்கொண்டு வருகிறவர்கள் இருக்கிறார்களாம், வழியில் சோதனையில் மாட்டினால் "கடைக்குத்தான் சார் கொண்டுபோறேன்" என்பது எடுபடாது. 1959-ஆம் வருஷத்து ஆயுதச் சட்டத்தில் 21-ஆம் பிரிவு என்று ஒன்று இருக்கிறது. உரிமம் முடிந்துபோனாலோ உரிமம் வைத்திருந்தவர் இறந்துபோனாலோ ஆயுதத்தைத் தாமதிக்காமல் பக்கத்துக் காவல் நிலையத்தில் ஒப்படைக்கவேண்டும், விதிகளுக்கு உட்பட்டு உரிமம் பெற்ற வியாபாரியிடமும் வைக்கலாம். அப்படி வைத்த பொருள் மீது குடும்பத்துக்கு உரிமை போய்விடாது, பிற்பாடு வாரிசு உரிமம் வாங்கினால் திரும்பப் பெறலாம், இல்லையென்றால் உரிமம் உள்ளவருக்கு விற்கலாம். ஆனால் காலக்கெடுவுக்குள் எதுவும் செய்யாமல் விட்டால் அரசுக்குப் போய்விடும். இவ்வளவையும் ஒரு பழைய பில்லின் பின்பக்கத்தில் எழுதிக்கொடுத்தார், பைசா வாங்கவில்லை.

"நூறு வருஷம் தாண்டினது சார், அதுக்கெல்லாம் லைசென்ஸ் வேணாம்" என்று சொல்கிறவர்கள் ஊருக்கு நாலு பேர் இருக்கிறார்கள், எங்கள் குடும்பத்திலேயே உண்டு. சட்டத்தில் பழங்காலப் பொருளுக்கு ஒரு விலக்கு இருப்பது உண்மைதான், 45-ஆம் பிரிவு. ஆனால் ரிப்பேர் செய்தாலும் செய்யாவிட்டாலும் சுடவே முடியாது என்கிற நிலையில் இருந்தால்தான் அது பொருந்தும், சுடுமா சுடாதா என்பதை வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து நாமே முடிவு செய்துகொள்ள முடியாது. உரிமம் இல்லாமல் வைத்திருந்தால் 2019 திருத்தத்துக்குப் பிறகு குறைந்தபட்சமே இரண்டு வருஷம் சிறை. இதைக் கேட்டபிறகுதான் பெரியமாமா திப்பு சுல்தானைக் கொஞ்சம் ஓரமாக வைத்தார்.

அப்புறம் காவல் நிலையத்தில் மனு, தாத்தாவின் உரிமப் புத்தகம், இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ். பயந்த அளவுக்கு எதுவும் நடக்கவில்லை, நாமாகப் போய்ச் சொன்னால் மரியாதையாகவே பேசுகிறார்கள். கள்ளத் துப்பாக்கிகளை ஒப்படைக்கச் சொல்லிக் காவல்துறையும் வனத்துறையும் கிருஷ்ணகிரி, தருமபுரி என்று நம் இரண்டு மாவட்டத்திலும் அவ்வப்போது கேட்டுக்கொள்வதால் அவர்களுக்கு இது பழகிய விஷயம். கடிதம் வாங்கி, ஒரு காவலர் கூடவே வர, துப்பாக்கி கடைக்கு வந்து சேர்ந்தது.

இங்கே வேறொரு கடையைப் பற்றியும் சொல்லவேண்டும், அது நம் மாவட்டம் இல்லை, பெயர் வேண்டாம். சின்ன மாமா அவருக்குத் தெரிந்த வழியில் அங்கே போட்டோ அனுப்பியிருந்தார். பார்த்த உடனே "பஃபிங் போட்டு, பாலிஷ் அடிச்சு, ஷோகேஸ்ல வைக்கிற மாதிரி பண்ணித் தரோம்" என்று ஒரு பெரிய தொகை சொன்னார்கள், அதே மூச்சில் "வேணாம்னா இரும்பு விலைக்கு எடுத்துக்கறோம்" என்றும் சொன்னார்கள். பஃபிங் வீலில் கொடுத்திருந்தால் இனி நான் சொல்லப்போகிற முத்திரை ஒன்றுகூட மிஞ்சியிருக்காது.

இப்போது கடைக்கு வருவோம். ஐயா மேஜைமேல் பழைய போர்வையை விரித்தார், துப்பாக்கியைக் குழல் சுவரைப் பார்க்கும்படி வைத்தார், எங்கள் எல்லோரையும் தன் பின்னால் நிற்கச் சொன்னார். முத்திரை, வருஷம், விலை எதையும் பார்க்கவில்லை. குழலுக்குக் கீழே செருகியிருந்த இரும்புக் கம்பியை உருவி வாய்வழியாக மெதுவாக உள்ளே விட்டார், அது போய் நின்ற இடத்தில் கட்டைவிரலால் பிடித்துக்கொண்டு வெளியே எடுத்துக் குழல்மேல் வைத்து அளந்தார். கம்பியின் நுனி, கேப்பு (சுத்தியல் அடித்தால் பொறி தரும் சின்னச் செம்பு மூடி) மாட்டும் நிப்பிளுக்கு நாலு விரற்கடை முன்னாலேயே நின்றுவிட்டது. "உள்ள சரக்கு இருக்கு" என்றார். கூட வந்த காவலர் வாசலுக்கே போய்விட்டார். தாத்தா கடைசியாகக் கெட்டித்து வைத்த மருந்தும் பால்ரஸ் குண்டும் அப்படியே உள்ளே இருந்திருக்கின்றன. கருமருந்து ஈரம் படாமல் இருந்தால் எத்தனை வருஷமானாலும் வெடிக்கும் குணம் போகாது. இதை வைத்துத்தான் எங்கள் வீட்டுப் பிள்ளைகள் ஒவ்வொரு பூஜைக்கும் சுத்தியலை இழுத்து டக் டக்கென்று விட்டு விளையாடிக்கொண்டிருந்தார்கள்.

அவர் அதை எப்படி வெளியே எடுத்தார் என்பதை எழுதமாட்டேன், யாராவது படித்துவிட்டு வீட்டில் முயற்சி செய்வார்கள். பொறுமையாக, நிறைய ஊறவைத்து எடுத்தார் என்பது போதும். வாய்வழி மருந்து போடும் எந்தத் துப்பாக்கி பரணில் கிடைத்தாலும் உள்ளே சரக்கு இருப்பதாகவே நினைத்துக்கொள்ளுங்கள், குழல்வாய் யார் பக்கமும் திரும்பக்கூடாது, விசையில் விரல் போகக்கூடாது, சுத்தியலைத் தொடவே வேண்டாம். என்னைக் கேட்டால் இந்த ஒரு வேலைக்கே அவர் வாங்கிய கூலி மொத்தமும் தகும்.

அதற்குப் பிறகுதான் அடையாளம் பார்க்கும் வேலை, எனக்கு மிகவும் பிடித்த பகுதியும் அதுதான். மனுஷர் பூதக்கண்ணாடியோடு உட்கார்ந்தால் எழுந்திருப்பதில்லை. முதலில் திப்புவை அனுப்பிவைத்தார். திப்பு காலத்துத் துப்பாக்கி சக்கிமுக்கிக் கல்லில் பொறி தட்டும் வகை, இதில் இருப்பது கேப்பு வைத்து அடிக்கும் நிப்பிள். திப்பு ஸ்ரீரங்கப்பட்டணத்தில் இறந்தது 1799, செம்புக் கேப்பு புழக்கத்துக்கு வந்ததே 1820-களில்தான். பாராமகால் என்று அப்போது பெயர் இருந்த நம் பகுதி முழுக்கச் சண்டை நடந்த மண், கோட்டை தலைக்குமேலேயே நிற்கிறது, அதனால் நம் ஊரில் பழசாக எது கிடைத்தாலும் அது திப்புவுடையது ஆகிவிடுகிறது. அடுத்து உலகப்போர் கதை. அந்தக் காலத்துச் சிப்பாய்க்குக் கொடுத்தது பின்பக்கம் போல்ட்டை இழுத்துத் தோட்டா ஏற்றும் .303 லீ என்ஃபீல்டு. இதில் போல்ட்டும் இல்லை, மேகசினும் இல்லை. சின்ன மாமாவும் அவுட்.

பிறகு பூட்டுத் தகடு, சுத்தியல் மாட்டியிருக்கும் பக்கத்து இரும்புத் தகடு. எண்ணெய்ப் பிசுக்கை ஊறவைத்துத் துடைத்ததும் ஒரு கிரீடம், அதன்கீழ் வி.ஆர். என்ற விக்டோரியா ராணியின் எழுத்து, தகட்டின் முன்பக்கம் டவர் (லண்டன் டவர்) என்ற சொல், 1860 என்ற வருஷம், ஒரு சின்ன அம்புக்குறி எல்லாம் ஒவ்வொன்றாகத் தெரிந்தன. அம்புக்குறி பிரிட்டிஷ் அரசாங்கச் சொத்து என்பதற்கான அடையாளம். குழலைக் கட்டையோடு பிடிக்க மூன்று இரும்புப் பட்டை, குழல் நீளம் 39 அங்குலம், மொத்தம் 55 அங்குலம் சுமார். இவ்வளவும் 1853 மாதிரி என்ஃபீல்டுக்குப் பொருந்துகிறது, 1857 சிப்பாய்க் கலகத்தில் கொழுப்புத் தடவிய தோட்டாவால் பேர் கெட்டுப்போனதே, அந்தத் துப்பாக்கிதான். நாங்கள் கைதட்டாத குறை. ஐயா மட்டும் முகத்தைச் சுளித்துக்கொண்டு, டார்ச்சைக் குழல்வாயில் பிடித்து ரொம்ப நேரம் பார்த்தார்.

என்ஃபீல்டு ரைபிள் குழலுக்குள் பள்ளமாக வெட்டிய மூன்று வரி முறுக்கிக்கொண்டு ஓடவேண்டும், எங்களுடையதில் உள்ளே மொழுமொழுவென்று இருந்தது. தேய்ந்துபோய்விட்டது போல என்று நான் நினைத்தேன், அவர் அளவுகோலை வாயில் வைத்துக் காட்டினார். 0.577 அங்குலம் இருக்கவேண்டிய துவாரம் 0.65-ஐத் தொட்டது. பின்பக்கம் தூரத்துக்கேற்ப ஏற்றி இறக்கும் குறிக்கண்ணும் இல்லை, அசையாத சின்னக் கட்டை ஒன்றுதான். கலகம் முடிந்தபிறகு இந்தியச் சிப்பாய்கள் கையில் வெள்ளைக்காரச் சிப்பாய்க்குச் சமமான ஆயுதம் இருக்கக்கூடாது என்று முடிவெடுத்து, உள்ளே வரி இல்லாமல், வெளியே அச்சு அசல் ரைபிள் மாதிரியே இருக்கும் துப்பாக்கிகளை அவர்களுக்கென்று தனியாகச் செய்தார்கள். வரி இல்லாத குழலில் குண்டு தூரமாகவும் போகாது, நேராகவும் போகாது. எங்களிடம் இருந்தது அந்த வகை. தாத்தாவின் உரிமப் புத்தகத்திலும் எஸ்.பி.எம்.எல். என்றுதான் போட்டிருந்தது, ஒற்றைக் குழல் வாய்வழித் துப்பாக்கி, எந்த இடத்திலும் ரைபிள் என்று இல்லை. அதை வீட்டில் யாரும் பிரித்துப் பார்த்ததே கிடையாது.

எங்கள் ஊருக்கு இது எப்படி வந்தது என்று கேட்டேன். "எனக்கெப்படி தம்பி தெரியும்" என்று முடித்துக்கொண்டார். இந்த இடத்தில் ஒரு கதை கட்டியிருந்தால் நாங்கள் நம்பியிருப்போம், கட்டவில்லை, எனக்கு அவர்மேல் மதிப்பு ஏறியது அங்கேதான். டவர் என்று முத்திரை குத்தி, உப்புநீரில் போட்டுப் பழசாக்கி டூரிஸ்ட்டுகளுக்கு விற்கும் போலிகள் நிறைய சுற்றுகின்றன என்றும் சொன்னார். எழுத்து கோணலாக இருக்கும், கிரீடம் காளான் மாதிரி இருக்கும், திருகாணிகள் புத்தம் புதுசாக இருக்கும். எங்களுடையதில் திருகாணித் தலை புதுசாக இல்லை, ஆனால் பெரியமாமா கைங்கரியத்தில் இரண்டின் காடி வழுக்கிப்போய் இருந்தது. ஐயாவிடம் ஒவ்வொரு காடிக்கும் தகுந்த மாதிரி அவரே அரத்தில் ராவி வைத்த திருப்புளிகள் ஒரு டப்பா நிறைய இருக்கின்றன, கடை ஸ்க்ரூடிரைவரை அவர் பக்கத்தில்கூட வைப்பதில்லை.

பராமரிப்பு விஷயத்தில் அவர் செய்ததைவிடச் செய்யாததுதான் அதிகம். மண்ணெண்ணெய் தொட்ட துணியால் தேங்காய் எண்ணெய்ப் பிசினைக் கரைத்தார். தேங்காய் எண்ணெய் நாளாக ஆகக் கெட்டு, தூசியோடு சேர்ந்து பிசுபிசுத்து, ஈரத்தையும் பிடித்துக்கொள்கிறது. பிசினுக்கு அடியில், குங்குமம் வைத்த இடங்களில் எல்லாம் வட்ட வட்டமாக அரித்திருந்தது, எலுமிச்சைச் சாறு வழிந்த தடம் தனியாகத் தெரிந்தது. புளி போட்டுத் தேய்த்துத் தேய்த்துப் பின்கட்டைப் பித்தளைத் தகட்டில் இருந்த ஏதோ எழுத்துகள் பாதி அழிந்திருந்தன, அது ரெஜிமென்ட் எண்ணாக இருக்கலாம், இனி யாராலும் படிக்க முடியாது. தொட்டால் கையில் ஒட்டும் செந்துரு இருந்த இடங்களை மட்டும் எண்ணெயில் நனைத்த மெல்லிய வெண்கல நாரால் நோகாமல் எடுத்தார். கெட்டியான கரும்பழுப்புப் படலத்தைத் தொடவில்லை, அது இரும்புக்குக் கவசம், நூற்றைம்பது வருஷம் எடுத்து வந்த நிறம், சுரண்டினால் திரும்ப வராது. உப்புத்தாள், சபீனா, வினிகர், கம்பி பிரஷ் என்று யூடியூபில் வருவதை எல்லாம் நான் ஒவ்வொன்றாகக் கேட்க, ஒவ்வொன்றுக்கும் ஒரு முறைப்பு.

இரும்புக்கு மெல்லிய மெஷின் எண்ணெய், பூசியது தெரியாத அளவுக்குத் துடைத்துவிடவேண்டும். நாம் எல்லாவற்றுக்கும் அடிக்கும் டபிள்யூ.டி-40 நீரை வெளியேற்ற நல்லது, அதோடு விட்டால் பாதுகாப்பு ரொம்ப நாள் நிற்காது, மேலே எண்ணெய் போட்டே ஆகவேண்டும் என்றார். கட்டைக்கு ஆளிவிதை எண்ணெய் சில சொட்டு, உள்ளங்கைச் சூட்டில் தேய்த்து மிச்சத்தைத் துடைத்துவிட்டார், வார்னிஷ் கூடவே கூடாது. வைக்கும்போது குழல்வாய் கொஞ்சம் கீழ்ப்பக்கம் சாய்ந்திருக்கவேண்டும், இல்லாவிட்டால் எண்ணெய் பின்பக்கம் இறங்கிக் கட்டையை ஊறவைத்துவிடும். தோல் உறையிலும் சாக்கிலும் போட்டால் ஈரம் உள்ளேயே தங்கும், வெள்ளைப் பருத்தித் துணி போதும். ஐப்பசிக்கு முன்னால் ஒருமுறை, மழை விட்டபிறகு ஒருமுறை எடுத்துப் பார்க்கவேண்டும், தொட்ட கைரேகையைத் துடைக்காமல் வைக்கக்கூடாது, வியர்வை உப்பு விரல் அடையாளத்திலேயே துருவாகப் பூத்துவிடும்.

காத்திருந்த நேரத்தில் ஓசூர்ப் பக்கத்து முன்னாள் ராணுவத்தினர் ஒருவர் போனில் வேறொரு போட்டோ காட்டினார். போல்ட், பத்து தோட்டா மேகசின், போல்ட்டுக்குக் கீழே கட்டை தொடங்கும் இடத்து இரும்பில் கிரீடம், ஜி.ஆர்.ஐ. என்ற ஜார்ஜ் மன்னரின் எழுத்து, இஷாப்பூர் என்ற பெயர், 1940-களில் ஒரு வருஷம். வங்காளத்து இஷாப்பூர் தொழிற்சாலையில் செய்த .303. ஐயா போட்டோவை இரண்டு விநாடிதான் பார்த்தார். "இது யார் வீட்ல இருக்குன்னு என்கிட்ட சொல்லாதீங்க, நேரா ஸ்டேஷனுக்குப் போங்க" என்றார். .303 தடைசெய்யப்பட்ட ரகம், சாதாரண உரிமத்தில் வராது, மாட்டினால் சிறை ஏழு வருஷத்தில் ஆரம்பிக்கிறது. அந்தக் கடையில் அதைப் பற்றி ஒரு வார்த்தைகூட மேலே நடக்கவில்லை, எங்கே கோடு போடவேண்டும் என்று தெரிந்தவர்.

குறைகளும் உண்டு. ரசீது கையெழுத்தில், முதலில் "பழைய துப்பாக்கி 1" என்று மட்டும் எழுதிக்கொடுத்தார், முத்திரை, வருஷம், நீளம் எல்லாவற்றையும் நான் கேட்டுக்கேட்டுத்தான் சேர்க்கவைத்தேன். நீங்களும் விடாதீர்கள், போட்டோவும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பாதுகாப்பு அறையின் ஒரு சுவர் ஈரம் வாங்குகிறது, இவ்வளவு பாடம் சொன்ன மனுஷர் கடையில் அது நெருடல்தான், சொன்னதும் எதிர்ப்பக்கத்து இரும்பு அலமாரிக்கு மாற்றினார். ஜிபே அவர் பேரன் இருந்தால் மட்டும். சுத்தம் செய்ததற்கும் மருந்து எடுத்ததற்கும் சேர்த்து 1,500 ரூபாய், வைத்திருக்க மாதம் 300. விலை மதிப்பு மட்டும் எவ்வளவு கெஞ்சினாலும் சொல்லமாட்டார், "நூறு வருஷம் தாண்டினதை வெளிநாட்டுக்கு விக்க முடியாது, உள்ளூர்ல லைசென்ஸ் இருக்கிறவன்தான் வாங்கணும், அப்புறம் விலை எங்க இருக்கு" என்பார். குரலும் கொஞ்சம் கடுகடுதான், வீட்டுப் பெண்களைக் கூட்டிப்போனால் ஆயா செய்த பூஜையைப் பற்றி எல்லாம் வாய்விட்டுச் சொல்லிவிடுவார், எங்கள் ஆயாவின் காதுக்கு அது போகாமல் பார்த்துக்கொண்டோம். ஐந்துக்கு நாலு கொடுக்கிறேன், ரசீதுக்காக ஒன்று குறைத்தேன்.

இப்போது பெரியமாமா பெயருக்கு உரிமம் கேட்டு ஆட்சியர் அலுவலகத்தில் மனு கொடுத்திருக்கிறோம், மற்ற வாரிசுகளின் சம்மதக் கடிதமும் வைக்கவேண்டியிருந்தது. கிடைக்காவிட்டால் கிருஷ்ணகிரி அரசு அருங்காட்சியகத்தில் கேட்டுப் பார்க்கலாம் என்பது என் யோசனை, மாமாக்கள் இன்னும் தலையாட்டவில்லை.

போகிறவர்கள் காலையில் பத்தரைக்கு மேல் போங்கள், போன் செய்து பிரயோஜனமில்லை, எடுக்கமாட்டார். தேர்தல் அறிவிப்பு வந்துவிட்டால் அந்தப் பக்கமே வேண்டாம், உரிமம் வைத்திருப்பவர்கள் துப்பாக்கியைக் கொண்டுவந்து ஒப்படைக்க வரிசையில் நிற்பார்கள். அந்த நாட்களில் ஐயா பூதக்கண்ணாடியைத் தொடக்கூட மாட்டாராம்.